மகாராஜாவின் இடது கை

பாட்டுப் போடுகிற இடங்களுக்குப் போனால் அண்ணை இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்காருவார். வீட்டில் அப்படி இல்லை. கோயிலிலும் இல்லை. கலியாண மண்டபம், பிறந்தநாள் கொண்டாட்டம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு இவற்றில் மட்டும்தான். வலது கையால் சாப்பிடுவார், கோப்பை பிடிப்பார், வருகிறவர்களுக்குக் கை கொடுப்பார். இடது கை அடியிலேயே கிடக்கும். என் பிள்ளைகள் சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, மாமாவுக்குக் கை குளிர்கிறதா என்று டெனிஷில் கேட்பார்கள். ஓம், குளிருது என்று சொல்லி விட்டுவிடுவேன். வீட்டுக்குப் போக எழும்பும்போது அந்தக் கையில் கதிரையின் அச்சு பதிந்திருக்கும். சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொள்வார்.

அவருடைய பெயர் குருசுமுத்து. எனக்கு ஒரே அண்ணன். மன்னாரில், பேசாலையில், கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு சின்னக் குழுவில் இருந்தார். இரண்டு கிற்றார், ஒரு அக்கோடியன், அண்ணையின் பொங்கோ. பொங்கோ என்பது முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அடிக்கிற இரட்டைச் சின்ன மேளம். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வெற்றிலை போடத் தொடங்கியதும் பைலா அடிப்பார்கள், இலங்கை முழுக்க ஆடுகிற துள்ளல் பாட்டு. அதோடு மண்டபத்தில் ஒருவரும் கதிரையில் இருக்கமாட்டார்கள். ஆடாமல் மரியாதையாக இருக்கிற பாதருடைய சப்பாத்து கூட மேசைக்குக் கீழே ஆடும்.

பைலா அடிக்க அண்ணைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வருசா வருசம் தலவில அன்னம்மாள் தேவாலயத் திருநாளுக்குப் போய்க் கொட்டில் போட்டுத் தங்குவோம். சிங்களச் சனமும் வரும், ஆப்பிரிக்க வழிவந்த புத்தளத்துக் காப்பிரிச் சனமும் வரும். பின்னேரம் ஆனால் ஒவ்வொரு கொட்டிலிலும் ஏதோ ஒன்று அடிபடும்: றபான், சட்டி, தகரம். அண்ணை கொட்டில் கொட்டிலாகப் போய் நின்று பார்த்துப் பழகினார். அவர் இடது கைக்காரர். மற்றவர்கள் வலது கையால் தொடங்குகிற இடத்தில் இவருக்கு இடது கை போகும். அதனால் இவருடைய அடியில் ஒரு நொண்டல் இருந்தது. மூன்றாவது தட்டு விழவேண்டிய நேரத்துக்கு ஒரு மூச்சுப் பிந்தி விழும். விழுமா விழாதா என்று கால் ஒரு கணம் நின்று, பிறகு ஆடும். பேசாலையில் தெருவில் போகிறவர்களே, "முத்து அடிக்கிறான்" என்பார்கள். பைலா எல்லாருடையதும். அந்த நொண்டல் மட்டும் அண்ணையுடையது.

எண்பத்தைந்தாம் ஆண்டு நானும் அண்ணையும் கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க்குக்கு வந்தோம். முகாமில் இருந்துவிட்டு இக்காஸ்ட் என்ற ஊருக்கு வந்தோம். தைக்கிற தொழிற்சாலைகள் உள்ள ஊர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கதைக்கப் பயம், ஆனால் தைக்கத் தெரியும். எனக்கு ஓவர்லொக் மெசினில் வேலை கிடைத்தது. அண்ணை மொழிப் பள்ளிக்குப் போய்வந்தார்.

அந்தப் பள்ளியில் கோடைக்கு முன் ஒரு விருந்து வைத்தார்கள். அண்ணை சும்மா இருக்கமாட்டாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அடித்தார். அதைக் கேட்டுக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். பிளெமிங் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். நீட்டுத் தாடி, கழுத்தில் உருத்திராக்கம். இந்தியாவில் இரண்டு வருடம் சுற்றியவர். ஒரு நடனக் குழு வைத்திருந்தார். சின்தசைசர் என்ற மின்சாரப் பெட்டி, மேளம் போலச் சத்தம் போடுகிற ஒரு மெசின், நடுவில் பிளெமிங். 'மகாராஜா பீட்' என்று குழுவுக்குப் பெயர். ஊர் ஊராக டிஸ்கோதெக்குகளில் வாசிப்பார்கள்.

"நீ இந்தியனா?" என்று கேட்டார்.

"இலங்கை."

"ஒரே இசைதானே," என்று சொல்லி அண்ணையைக் கட்டிப்பிடித்தார்.

பிளெமிங் கெட்டவர் இல்லை. அதை முதலே சொல்லவேண்டும். எங்களுக்கு இடம் கிடைக்காமல் இருந்தபோது தன் தாயின் வீட்டு மேல்மாடியைத் தந்தார். எங்கள் அம்மாவைக் கூப்பிடுவதற்குக் காவல்துறைக்கும் கொம்யூன் என்கிற நகரசபைக்கும் அண்ணையோடு தானே வந்து, எங்களுக்காகக் கதைத்தார். எனக்குக் குளிர் அங்கி கொண்டுவந்து தந்தார். அதனால்தான் எல்லாம் கஷ்டமாகப் போனது. கெட்டவர் என்றால் அண்ணை ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு வந்திருப்பார்.

அவர் காசியில் வாங்கிய ஒரு சோடித் தப்லா வைத்திருந்தார். அதை அண்ணைக்கு முன்னால் வைத்தார். அண்ணை அன்றுதான் தப்லாவை முதன்முதலாகத் தொட்டார். படத்தில் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"இது எனக்குத் தெரியாது," என்றார் அண்ணை.

"உன் இரத்தத்தில் இருக்கு, முத்து. மறந்துபோயிட்டாய்."

பிளெமிங் ஒரு கசெற் தந்தார். அதை மேல்மாடியில் போட்டுக் கேட்டுக் கேட்டு, அண்ணை தன் சொந்தக் கலாசாரம் என்று சொல்லப்பட்டதைப் பழகினார். வழக்கம்போலச் சின்ன மேளத்துக்கு இடது கையைக் கொண்டுபோனார். பிளெமிங் அந்தக் கையைப் பிடித்து எடுத்து மற்றப் பக்கம் வைத்தார்.

"இந்தியாவில் நல்ல காரியத்துக்கு இடது கை பாவிக்கமாட்டார்கள். உனக்குத் தெரிஞ்சிருக்க வேணுமே."

அண்ணை என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அப்போது அது எங்களுக்குப் பகிடியாக இருந்தது.

தலைப்பாகையும் பகிடிதான். மேடைக்குத் தலைப்பாகை வேண்டும் என்றார் பிளெமிங். எங்களுக்குக் கட்டத் தெரியாது. அவருடைய புத்தகத்தில் ஒரு ராஜாவின் படம் இருந்தது. அதைப் பார்த்து, தொழிற்சாலையில் வெட்டி மிஞ்சிய சிவப்புத் துணியில் நான் தைத்தேன். தொப்பி மாதிரிப் போட்டுக் கழற்றலாம். முன்னால் பிளெமிங்கின் தாய் தந்த ஒரு புறோச்சைக் குத்தினேன். அண்ணை கண்ணாடிக்கு முன்னால் நின்று, "என்ன மலர், கப்பல் ஓட்டுற தண்டையல் மாதிரி இருக்கிறனோ?" என்று கேட்டார். அன்று நன்றாகச் சிரித்தோம்.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் சில்க்போர்க்கில் ஏரிக்கரையில் ஒரு நடனக் கொண்டாட்டம். பின்னேரம். வெயில் நல்லாக இருந்தது. பிளெமிங் என்னையும் காரில் கூட்டிக்கொண்டு போனார். மேடைக்குப் பக்கத்தில் புல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் மின்சாரம் நின்றது. சின்தசைசரும் நின்றது, மெசினும் நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சிலர் விசில் அடித்தார்கள். பிளெமிங் வயர்களை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை தலைப்பாகையோடு சம்மணம் கட்டி இருந்தவர், எழும்பி ஒரு பியர்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். தப்லா இரண்டையும் தூக்கி முழங்கால்களுக்கு நடுவில் பொங்கோ மாதிரி இடுக்கினார். சின்னது இடது கைக்கு. அடிக்கத் தொடங்கினார்.

நான் அந்த நொண்டலைக் கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேலாக அதைக் கேட்கவில்லை; வாளி அடித்த அன்று நான் வேலையில் இருந்தேன். டெனிஷ்காரருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் கால் ஒரு கணம் நின்று, பிறகு ஆடியது. வயதானவர்களும் ஆடினார்கள். பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண், வண்டிலையும் சேர்த்து ஆட்டினாள். மின்சாரம் வந்த பிறகும் ஒருவரும் அண்ணையை நிறுத்த விடவில்லை. பிளெமிங் வயரைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

காரில் வரும்போது அண்ணை பாடிக்கொண்டு வந்தார். எனக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம் அது. "உன்ர கலியாணத்துக்கு இதைத்தான் அடிப்பன், பிள்ளை. ஒரு பொங்கோ வாங்கவேணும்," என்றார். அதன்பிறகு அவர் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. என் கலியாண மண்டபத்தில், எங்கள் சனத்துக்கு முன்னால், தலைப்பாகை இல்லாமல், தன் கையால் அடிக்கவேண்டும். ஹேர்னிங்குக்குப் போய்ப் பழைய பொங்கோ ஒன்று வாங்கிவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

அடுத்த கிழமை பிளெமிங் அண்ணையை அந்த வீட்டு நிலவறைக்குக் கூப்பிட்டார். அங்கேதான் அவருடைய ஒலிப்பதிவுச் சாமான்கள் இருந்தன. அந்த அடியை மெசினுக்குள் போடவேண்டும் என்றார். அண்ணை அடிப்பார், பிளெமிங் ஒவ்வொரு தட்டாகக் கேட்டுப் பொத்தான்களை அமத்துவார். முதலில் மெசின் நேராக அடித்தது, பட்டாளம் நடக்கிறது மாதிரி. அண்ணைக்கே அது பிடிக்கவில்லை. "இது இல்லை. மூன்றாவதைப் பிந்தவிடு. இன்னும் கொஞ்சம். இல்லை, கூடிப்போச்சு," என்று பக்கத்தில் இருந்து சொல்லிச் சொல்லி, பல பின்னேரங்கள் உழைத்து, தன் நொண்டலைத் தானே மெசினுக்குள் ஏற்றிக் கொடுத்தார். கோப்பி கொண்டுபோன நான் படியில் நின்று கேட்டேன். அண்ணை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருக்க, அண்ணையின் அடி பெட்டிக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது.

"சரியா வந்திட்டுது!" என்று அண்ணைதான் முதலில் கை தட்டினார்.

"இது யாருடையது, முத்து?" என்று பிளெமிங் கேட்டார். "யார் செய்தது?"

"ஒருத்தரும் செய்யேல்லை. எல்லாரும் அடிக்கிறது."

"அப்ப நல்லது," என்றார் பிளெமிங்.

அதன்மேல் சின்தசைசரும் ஆங்கிலப் பாட்டும் வந்தன. பெரிய இசைத்தட்டாக வெளிவந்தது. உறையில் அண்ணையின் படம்: தலைப்பாகை, புறோச், தப்லா. எனக்கு அப்போது டெனிஷ் வாசிக்கத் தெரியாது. பக்கத்து மெசினில் தைக்கிற பீர்த என்ற பெண்ணிடம் காட்டினேன். அவள் வாசித்துச் சொன்னாள். தாளம், பிளெமிங். தப்லாவும் சூழலும், முத்து.

"சூழல் என்றால்?" என்று கேட்டேன்.

பீர்த கையை அங்கும் இங்கும் ஆட்டிக் காட்டினாள். "காற்று மாதிரி. சும்மா இருக்கிறது."

இந்த ஊரின் டிஸ்கோதெக்குகளில் அந்தப் பாட்டுப் பிடித்துக்கொண்டது. பிளெமிங்குக்கு நிறைய இடங்களில் இருந்து அழைப்பு வந்தது. ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக அதைத்தான் கேட்டார்கள். அந்த நேரத்தில் மெசின் அடிக்கும். அண்ணை தப்லாவின்மேல் விரல்களை ஓடவிட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு முன்னால் ஒரு மைக் இருந்தது. நான் ஒருமுறை சாமான் ஏற்ற உதவியபோது அந்த மைக்கின் வயரைச் சுற்றினேன். மறு நுனி எதிலும் சொருகியிருக்கவில்லை. அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், அது அப்பிடித்தான்," என்றார்.

ஒரு நாள் அண்ணை பிளெமிங்கிடம் கேட்டார். நான் அவருடைய தாயின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நான் பொங்கோவிலை அடிக்கட்டா? கையால?"

பிளெமிங் கோபப்படவில்லை. கவலைப்பட்டார். "முத்து, பொங்கோ கியூபாக்காரருடையது. சனம் உண்மையான இந்தியாவைப் பார்க்க வருகிறது. நீ உன் பண்பாட்டை விட்டுப் போறதைப் பார்க்க எனக்கு மனவருத்தமா இருக்கு." பிறகு தோளில் தட்டி, "கொம்யூனோடு கதைச்சேன். உங்கட அம்மாவின் அலுவல் நல்லாப் போகுது," என்றார்.

மேலே வந்ததும் அண்ணையிடம் கேட்டேன், ஏன் திருப்பிச் சொல்லவில்லை என்று.

"என்னத்தைச் சொல்லுறது? அவன்ர தாயின்ர குசினியிலை நின்டுகொண்டு?" என்றார். "அதோட, அது என்ர எண்டு எப்பிடிச் சொல்லுறது? நானும் தலவிலையிலை கொட்டில் கொட்டிலாப் பாத்து எடுத்ததுதானே. அங்கை றபான் அடிச்ச காப்பிரிக் கிழவி அது தன்ர எண்டு என்னட்டைக் கேட்டவளோ?"

"நொண்டல் உங்கட."

"அதை நான்தானே அவனுக்குக் குடுத்தன், பிள்ளை. பக்கத்திலை இருந்து திருத்தித் திருத்தி."

பேப்பரில் தலைப்பாகைப் படம் வந்தது. இக்காஸ்ட் தமிழ்ச் சனத்துக்கு அதைவிடப் பெரிய பகிடி அந்த வருடம் கிடைக்கவில்லை. ரெயில்வே ஸ்ரேசனில் நிற்கிற இளைஞர்கள், "மகாராஜா, யானை எங்கை? பார்க் பண்ணியாச்சோ?" என்று கேட்டார்கள். கடையில், "மகாராஜாவுக்கு வெங்காயம் குறைச்சுக் குடுங்கோ, அரண்மனையிலை காணி கிடக்கு," என்றார்கள். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். "கலியாணத்திலை அடிக்கேக்கை பாப்பினம்," என்று என்னிடம் சொன்னார்.

எனக்குப் பேசிய மாப்பிள்ளை கிறிஸ்துராஜா கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய்யில் இருந்தார். அடுத்த வருடம் ஐப்பசியில் ஹேர்னிங் கோயிலில் தாலி, இக்காஸ்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விருந்து என்று முடிவானது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஆட்களின் முதல் கலியாணம் என்பதால் எல்லாருக்கும் அது தங்கள் வீட்டுக் கலியாணம் மாதிரி. முன்னுக்கு நின்று செய்தவர் தேவநாயகம் அண்ணை. கொழும்பில் கடை வைத்திருந்தவர். ஐம்பது வயது. எங்களில் மூத்தவர் அவர்தான். அவர் சொன்னால் ஒருவரும் தட்டமாட்டார்கள்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை அவர் எங்கள் மேல்மாடிக்கு வந்தார். கட்டிலுக்குக் கீழே பொங்கோவைக் கண்டார்.

"தம்பி, நீர் பைலா அடிக்கப்போறீராம்?"

"ஓம் அண்ணை. பேசாலையிலை எல்லாக் கலியாணத்துக்கும் அடிக்கிறது."

"இஞ்சை வேண்டாம்."

"ஏன் அண்ணை? எங்கட கோயில் ஆக்கள் காலங்காலமா—"

"அது சிங்களப் பாட்டு." அவர் குரலை உயர்த்தவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எண்பத்துமூண்டுக் கலவரத்திலை என்ர கடைக்கு வந்தவங்கள் லொறியிலை வந்தவங்கள். லொறிப் பலகையிலை தட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு. நான் பின்வீட்டுச் சீமெந்துத் தொட்டிக்குள்ளை கிடந்து கேட்டனான். என்ர தம்பி கடைக்குள்ளை. அந்த அடி எனக்குத் தெரியும். இன்னொருக்கா அதைக் கேக்க வையாதையும்."

அண்ணை பொங்கோவைக் காலால் கட்டிலுக்குக் கீழே இன்னும் உள்ளே தள்ளினார். தேவநாயகம் அண்ணை எழும்பி, சூழலை மாற்ற நினைத்தோ என்னவோ, "வேணுமெண்டா அந்தத் தலைப்பாகைக் கூத்தை ஆடும். டெனிஷ் ஆக்களும் வருகினம், சிரிக்கட்டும்," என்றார்.

அவர் போனபிறகு அண்ணை பொங்கோவை எடுத்து மடியில் வைத்தார். அடிக்கவில்லை. தோலை விரலால் தடவிக்கொண்டு இருந்தார். கீழே நிலவறையில் பிளெமிங் மெசினைப் போட்டார். தரை வழியாக அண்ணையின் அடி எங்கள் காலுக்குள் வந்தது.

கலியாணத்தன்று அண்ணை சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். தலைப்பாகை இல்லை. அவருடைய மேசைக்குக் கீழே ஒரு பை இருந்தது. அதற்குள் பொங்கோ. எனக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "முத்து, ஒண்டு அடி" என்று கேட்டால் போதும் என்று அவர் இருந்தார். நான் மாலையோடு கதிரையில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை. பீர்ததான் வந்து, "உன் அண்ணன் இந்தியத் தொப்பியைப் போடமாட்டாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

கிறிஸ்துராஜாவின் கூட்டாளி நேசராஜா, இஷொய்யில் இருந்து பெரிய கசெற் பிளேயரோடு வந்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் வைத்துச் சினிமாப் பாட்டுகள் போட்டார். சனம் இருந்து கேட்டது. ஆடவில்லை. சொந்த ஊரில் இருந்து நல்ல செய்தி ஒன்றும் வராத நாட்கள் அவை. யாரும் முதல் ஆளாக எழும்ப விரும்பவில்லை.

"இப்ப டெனிஷ் ஆக்களுக்காக ஒண்டு," என்று நேசராஜா சொல்லிக் கசெற்றை மாற்றினார். "கோப்பன்ஹேகனிலை இப்ப இதுதான் ஓடுது. இங்கிலீஸ் பாட்டு."

முதலில் சின்தசைசர் வந்தது. பிறகு அடி.

பீர்தயும் தொழிற்சாலைப் பெண்களும் கத்திக்கொண்டு எழும்பினார்கள். எழும்பும்போதே பக்கத்தில் இருந்த தமிழ் ஆண்களின் கையைப் பிடித்து இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க எழும்பிவிட்டது. கால் நின்றது, பிறகு ஆடியது. நின்றது, ஆடியது. என் பக்கத்தில் கிறிஸ்துராஜாவின் காலும் ஆடிக்கொண்டிருந்தது. மன்னார்ப் பக்கத்து ஆட்கள், தங்களை அறியாமலே, கையை இடுப்பில் வைத்துப் பைலாவுக்கு ஆடுகிற மாதிரியே ஆடினார்கள். ஒருவருக்கும் பிடிபடவில்லை. பெட்டிக்குள் இருந்து வந்ததாலும், பாட்டு ஆங்கிலத்தில் இருந்ததாலும், அது வேறு என்று நினைத்தார்கள்.

பீர்த தேவநாயகம் அண்ணையையும் இழுத்துவிட்டாள். அவர் முதலில் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு ஆடினார். டென்மார்க்குக்கு வந்த பிறகு அந்த மனிதர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வேர்த்து விறுவிறுத்து, அண்ணையின் மேசைப் பக்கம் வந்தபோது குனிந்து சத்தமாகச் சொன்னார்:

"மகாராஜா! வெள்ளைக்காரன் எப்பிடி அடிக்கிறான் பாத்தீரோ? இப்பிடி அடிக்கப் பழகும், ஐசே!"

அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார். இடது கை மேசைமேல் இருந்தது. விரல்கள் மெல்ல ஓடிக்கொண்டிருந்தன, பெட்டியில் விழுகிற அதே இடங்களில், அந்த மூன்றாவது பிந்துகிற இடத்திலும். தேவநாயகம் அண்ணை அந்தக் கையைப் பார்த்துவிடுவார் என்று எனக்கு நெஞ்சு அடித்தது. பார்த்துவிடட்டும் என்றும் அடித்தது.

நான் கதிரையில் இருந்து பாதி எழும்பினேன். இது என்ர அண்ணை அடிச்சது, இதுதான் பைலா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அண்ணை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், மிகச் சின்னதாக. வேண்டாம். அப்போது எனக்கு விளங்கியது. அது தன் அடி என்று அண்ணை சொன்னால், அது என்ன அடி என்றும் சொல்லவேண்டும். சொன்ன உடனே நேசராஜா கசெற்றை நிறுத்துவார். தேவநாயகம் அண்ணையின் சிரிப்பு நின்று, அவர் திரும்பவும் அந்தச் சீமெந்துத் தொட்டிக்குள் போய்விடுவார். சொல்லாவிட்டால் மண்டபம் ஆடும்.

"ஓம் அண்ணை," என்றார் என் அண்ணை. "நல்லா அடிக்கிறாங்கள்."

சொல்லிக்கொண்டே இடது கையை மேசையில் இருந்து எடுத்து, தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

அந்தப் பாட்டை அன்று மூன்று நாலு தரம் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடைசி வரைக்கும் அண்ணை எழும்பவில்லை. பையைத் திறக்கவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் அம்மா வந்து சேர்ந்தார். பிளெமிங்தான் விமான நிலையத்துக்குக் கார் ஓடினார். அம்மா வந்த கிழமை ஒரு பின்னேரம், நானும் கிறிஸ்துராஜாவும் மேல்மாடிக்குப் போயிருந்தோம். கீழே மெசின் அடித்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்திக் காதுகொடுத்தார்.

"கீழை முத்து அடிக்கிறானோ?"

அண்ணை அவருக்குப் பின்னால் கட்டிலில் இருந்தார்.

"இல்லை அம்மா. அது மெசின்," என்றார் அண்ணை.

அம்மா திரும்பி அண்ணையைப் பார்த்தார். பிறகு அரிசியைத் தொடர்ந்து களைந்தார்.

அண்ணை இன்னும் ஒன்றரை வருடம் தலைப்பாகை போட்டார். வேறு வீடு கிடைத்த பிறகும் போட்டார். அம்மாவுக்காகக் கொம்யூனில் ஏறி இறங்கிய மனிதரிடம் எப்படிப் போகமாட்டேன் என்பது என்றார். பிறகு பிளெமிங்குக்கு இந்தியா அலுத்துப்போனது. பிரேசில் மேளத்தில் ஆசை வந்தது. குழுவின் பெயரை மாற்றினார். வேறு ஓர் ஆளை மேடையில் வைத்தார். அண்ணையைக் கூப்பிடுவதை விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. நத்தாருக்கு இப்போதும் இரண்டு பேரும் வாழ்த்து மடல் அனுப்பிக்கொள்கிறார்கள். அண்ணை ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்தே ஓய்வு எடுத்தார். மெசின் அடித்த அடியைத் தன் கையால் அவர் பிறகு ஒருநாளும் அடிக்கவில்லை. வேறு ஒன்றும் அடிக்கவில்லை.

தேவநாயகம் அண்ணை சில வருடங்களுக்கு முன் செத்துப்போனார். அந்த அடி என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. செத்தவீட்டுக்கு அண்ணைதான் முன்னுக்கு நின்று பெட்டி தூக்கினார்.

இதை எழுதலாமா என்று போன மாதம் அண்ணையிடம் கேட்டேன்.

"எழுதன். பிறகு அந்தப் பாட்டை நிப்பாட்டிப் போடுவினமோ?"

"இப்ப ஆர் நிப்பாட்டுறது? இப்ப எல்லாக் கலியாணத்திலையும் பைலாவே போடுகினமே."

"ஓம், அதுவும் சரிதான்," என்றார்.

அண்ணைக்கு இப்போது அறுபத்தாறு வயது. இக்காஸ்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். பொங்கோ அவருடைய அலுமாரிக்கு மேலே பையோடு இருக்கிறது. ஒரு பக்கத்துத் தோல் வெடித்துவிட்டது. எங்கள் மண்டபத்தில் கலியாணம் நடந்தால் கடைசியில் இன்னும் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். பழைய டெனிஷ் டிஸ்கோப் பாட்டு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எல்லாரும் எழும்பி ஆடுவார்கள். அண்ணை கையின்மேல் உட்கார்ந்திருப்பார்.